கேட்சரின் கண்ணும் நொமுராவின் வாயும்

"கீப்பருக்குத்தான் ஆட்டம் முழுசாகத் தெரியும், அதனால்தான் தோனி அப்படி ஒரு கேப்டன்" என்று யாராவது ஆரம்பித்தால் நம் ஊரில் மறுத்துப் பேச ஆள் கிடைப்பது கஷ்டம். பேஸ்பாலில் இதே பேச்சு கேட்சரை, அதாவது பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிப்பவரைப் பற்றி வெகுகாலமாக நடக்கிறது. மைதானத்தில் எட்டுப் பேர் ஒரு பக்கம் பார்த்து நிற்கிறார்கள். கேட்சர் ஒருவர் மட்டும் அவர்களைப் பார்த்துக் குந்தியிருக்கிறார். ஒவ்வொரு பந்தையும் என்னவாகப் போட வேண்டும் என்று விரலால் சைகை காட்டுவதும் அவர்தான். ஆகவே கேட்சர்தான் பிற்காலத்தில் நல்ல மேனேஜர் ஆவார் என்பது வாதம். (அங்கே மேனேஜர் என்றால் கணக்கு வழக்கு பார்ப்பவர் இல்லை. அணியைப் பெஞ்சிலிருந்து நடத்துகிற தலைமைப் பயிற்சியாளர்.) ஆதாரத்துக்கும் குறைவில்லை. அமெரிக்காவில் உச்சப் பட்டமான உலகத் தொடரை நான்கு அல்லது அதற்கு மேல் முறை ஜெயித்த மேனேஜர்கள் ஆறே பேர். அதில் கோனி மேக், ஜோ டோரி, புரூஸ் போச்சி மூவரும் கேட்சராக ஆடியவர்கள்.

பாதிக்குப் பாதி என்றால் சும்மாவா என்று கேட்கலாம். சும்மா இல்லைதான். ஆனால் "எல்லாவற்றையும் பார்க்க முடிகிற இடத்தில் இருந்தார், அதனால் எல்லாம் தெரிந்தவர் ஆனார்" என்ற விளக்கம் எனக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. பார்ப்பதும் நடத்துவதும் ஒரே திறமையா? இந்தக் கேள்வியை என் தலையில் ஏற்றிவிட்டு இறங்க மறுக்கிற ஆள் ஜப்பானின் கட்சுயா நொமுரா. "கேட்சர்தான் மேனேஜர்" என்ற கொள்கையை அவரைவிடச் சத்தமாகச் சொன்னவர் கிடையாது. அவர் வாழ்க்கையை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தாலோ, அந்தக் கொள்கை ஓர் இடத்தில் முறிகிறது. 1980 செப்டம்பரில், ஒரு பெஞ்சில்.

அங்கே போவதற்கு முன்னால், அவர் கண் எப்பேர்ப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும்.

1935இல் கியோட்டோ மாகாணத்தின் வடகோடியில், ஜப்பான் கடலோரத்துச் சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா சீனாவுக்குப் போருக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா நோயாளி. பேப்பர் போட்டுக் குடும்பத்துக்கு உதவிய பையன். உயர்நிலைப் பள்ளி முடிந்ததும் தொழில்முறை அணியில் சேர ஆசை. தேடி வந்து அழைக்கும் அளவுக்குப் பள்ளிக்கோ அவருக்கோ பெயர் இல்லை. அப்போது அவர் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எல்லா அணிகளின் வீரர் பட்டியலையும் எடுத்து, கேட்சர்களின் வயதைப் பார்த்தார். எந்த அணியின் கேட்சருக்கு வயதாகிறதோ அங்கேதானே சீக்கிரம் இடம் காலியாகும்? அப்படித் தேர்ந்தெடுத்ததுதான் ஓசாகாவின் நான்காய் ஹாக்ஸ். தேர்வில் தூரம் எறிகிற சோதனையில் முதல் வீச்சு போதவில்லை. பக்கத்தில் நின்ற அணி ஆள் ஒருவர், கோட்டைத் தாண்டி முன்னால் போய் எறி என்று கிசுகிசுத்தார். எறிந்தார், தேறினார்.

1954இல் உள்ளே போன பிறகுதான் விஷயம் புரிந்தது. தேர்வில் எடுத்தவர்களில் கேட்சர்கள் மட்டும் நான்கு பேர், எல்லாரும் கிராமத்துப் பையன்கள். பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், பயிற்சி செய்யும்போது பந்து வாங்கிப் போட ஆள் வேண்டும், அவ்வளவுதான். முதல் வருஷம் ஒன்பது ஆட்டங்களில் தலைகாட்டினார். பதினொரு முறை பேட் பிடித்து ஒரு ஹிட்கூட இல்லை. அணி கணக்கை முடிக்கப் பார்த்தது. நீக்கினால் நான்காய் ரயில் முன்னால் விழுந்துவிடுவேன் என்றார் பையன். அணியின் முதலாளியே அந்த ரயில் கம்பெனிதான். மிரட்டலில்கூட ஒரு கணக்கு இருந்திருக்கிறது பாருங்கள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம், புள்ளிவிவரப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. 1957இல் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, வேலிக்கு வெளியே போகிற அடி) பட்டம். 1961இலிருந்து 1968 வரை எட்டு வருஷம் தொடர்ச்சியாக அதே பட்டம். 1963இல் 52 ஹோம் ரன், அன்றைக்கு ஜப்பான் சாதனை. அடுத்த வருஷமே சதாஹரு ஓ 55 அடித்து அதை அழித்துவிட்டார். 1965இல் சராசரி, ஹோம் ரன், ரன் சேர்ப்பு மூன்றிலும் முதலிடம் பிடித்து, போருக்குப் பிறகு மூன்று மகுடம் சூடிய முதல் ஆள் ஆனார். மொத்தம் 657 ஹோம் ரன். ஓவுக்கு அடுத்தபடி ஜப்பானில் அவர்தான். 1975இல் 600ஆவது ஹோம் ரன் அடித்த அன்று நிருபர்களிடம், "ஓவும் நகாஷிமாவும் சூரியகாந்தி என்றால், நான் ஜப்பான் கடலோரத்தில் யார் கண்ணிலும் படாமல் பூக்கிற அந்திப்பூ" என்றார். ஜப்பானில் பசிபிக், சென்ட்ரல் என்று இரண்டு லீக். அவர் ஆடிய பசிபிக் லீக் ஆட்டத்துக்குக் கூட்டம் வராத காலம் அது. ஓவும் நகாஷிமாவும் ஆடிய டோக்கியோவின் யோமியுரி ஜயன்ட்ஸுக்குத்தான் நாடே டிவி முன்னால் உட்காரும். இந்தப் பொருமல் அவரை விட்டுக் கடைசிவரை போகவில்லை. அதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. பல நாள் அடுப்பை எரித்ததே அதுதான் என்று தோன்றுகிறது.

கண் பார்த்ததை நாக்கு கெடுத்த கதை

நிஷிதெட்சு லயன்ஸில் கசுஹிசா இனாவோ என்று ஒரு பிட்சர். நொமுராவால் அவரை அடிக்கவே முடியவில்லை. என்ன செய்தார்? தெரிந்தவர் ஒருவரை அரங்கத்தில் உட்காரவைத்து, 16 மில்லிமீட்டர் கேமராவில் இனாவோ வீசுவதைப் படம் எடுக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் யாரும் செய்யாத வேலை. ஃபிலிம் தேயத் தேய ஓட்டிப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. கையைத் தலைக்கு மேலே கொண்டுபோகிற நொடியில், விரல்களுக்கு நடுவே பந்தின் வெள்ளை எவ்வளவு தெரிகிறது என்பது வீச்சுக்கு வீச்சு மாறுகிறது. அதை வைத்தே உடம்புப் பக்கம் வருமா வராதா என்று சொல்லிவிடலாம். அப்புறம் அடி விழ ஆரம்பித்தது.

இரண்டு பேரும் ஒரே அணியில் ஆடுகிற ஆல் ஸ்டார் போட்டி வந்தது. பெஞ்சில் பேச்சுவாக்கில், நொமுராவின் அணித்தோழர் தடாஷி சுகியுரா, "நம்ம நொமுரா உன்னை எவ்வளவு ஆராய்ச்சி பண்ணியிருக்கான் தெரியுமா" என்று இனாவோவிடம் சொல்லிவிட்டார். பாராட்டாகத்தான் சொன்னார். இனாவோவின் முகம் மாறியதை நொமுரா பார்த்தார். அதோடு சரி. அடுத்த முறை எதிர்த்து வீசும்போது அந்தப் பழக்கத்தை இனாவோ திருத்தியிருந்தார்.

வாயின் பலம் நொமுராவுக்கும் தெரியும். கேட்சர் இடத்தில் குந்தியபடி பேட்டர்களின் காதில் எதையாவது போட்டுக்கொண்டே இருப்பார். அவர்கள் போகிற மதுக்கூடங்களில் விசாரித்து வைத்திருப்பார். "அந்தக் கடையில் உன்னைப் பற்றி ஒருத்தி கேட்டாளே" என்று பந்து வருவதற்குச் சற்று முன்னால் சொன்னால் ஆள் குழம்புவானா மாட்டானா? பலர் குழம்பினார்கள். இரண்டு பேரிடம் பலிக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஓ மரியாதையாகப் பதில் சொல்வார், ஆனால் பேட்டைத் தூக்கி நின்றதும் காது மூடிக்கொள்ளும். நகாஷிமாவோ கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஏதோ சொல்லிவிட்டுப் பந்தை அடித்துவிடுவார்.

இப்படிப்பட்டவரை 1970இல் நான்காய் ஆடும் மேனேஜர் ஆக்கியது. நான்காவது இடத்தில் பேட் பிடிக்க வேண்டும், கேட்சராகக் குந்த வேண்டும், பெஞ்சையும் நடத்த வேண்டும். முந்தைய வருஷம் கடைசி இடத்தில் கிடந்த அணி உடனே இரண்டாம் இடத்துக்கு வந்தது. டான் பிளேசிங்கேம் என்ற அமெரிக்கரைத் தலைமைப் பயிற்றுநராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். யோசித்து ஆடு என்ற பாடத்தை அந்த அணிக்குள் கொண்டுவந்ததில் பாதிப் பங்கு அவருக்கு. 1973இல் நடந்தது கேட்சர் மூளைக்கு நல்ல உதாரணம். அந்த வருஷம் பசிபிக் லீக் இரண்டு பாதியாக நடந்தது. முதல் பாதியை நான்காய் ஜெயித்தது. இரண்டாம் பாதியில் ஹான்கியு பிரேவ்ஸிடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 12 தோல்வி, ஒரு சமன். பிறகு அதே ஹான்கியுவோடு நேருக்கு நேர் இறுதிச் சுற்று வந்தபோது மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. செத்தவன் மாதிரி நடித்தான் என்று பத்திரிகைகள் எழுதின. பன்னிரண்டு தோல்வியும் நடிப்பு என்பதை நான் நம்பவில்லை. தோற்றதையெல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நம்புகிறேன்.

ஆக, கண் இருந்தது, மேனேஜர் பதவியும் இருந்தது. கொள்கைப்படி இங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். 1977இல், சீசன் முடிய இரண்டு ஆட்டங்கள் இருக்கும்போது, சொந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி அவரை நீக்கினார்கள். மேனேஜராக இருந்த எட்டு வருஷத்தில் லீக் பட்டம் ஒன்று, இரண்டு லீக் சாம்பியன்களும் மோதுகிற ஜப்பான் தொடரில் பட்டம் பூஜ்யம். வயது 42. வேறு யாராக இருந்தாலும் ஓய்வு பெற்றிருப்பார்கள். இவர் சாகும்வரை கேட்சர் என்று சொல்லிக்கொண்டு, சாதாரண வீரராக லோட்டேவுக்குப் போனார், அடுத்த வருஷம் செய்பு லயன்ஸுக்குப் போனார்.

நல்லா வேணும்

1980 செப்டம்பர் கடைசி. செய்புவின் சொந்த மைதானம். எதிரணி மறுபடியும் ஹான்கியு. எட்டாவது இன்னிங்ஸில் செய்பு ஒரு ரன் பின்தங்கியிருக்கிறது. ஒரு அவுட். மூன்றாம் பேஸில் ஆள் நிற்கிறான். நொமுராவின் முறை. 45 வயது.

இந்த நிலைமையில் ஹிட்கூடத் தேவையில்லை. பந்தை ஆழமாகத் தூக்கி அடித்து அவுட்ஃபீல்டில் கேட்ச் கொடுத்தாலே போதும், மூன்றாம் பேஸில் நிற்பவர் ஓடி வந்து ரன்னைச் சமன் செய்துவிடுவார். இதற்கு சாக்ரிஃபைஸ் ஃப்ளை என்று பெயர். ஜப்பான் வரலாற்றிலேயே இதை அதிகம் அடித்தவர் நொமுராதான், 113 முறை. இது என் வேலை என்று பேட்டை எடுத்துக்கொண்டு நடக்கிறார். பின்னாலிருந்து மேனேஜர் நெமோட்டோ கூப்பிடுகிறார். நீ வேண்டாம், வேறு ஆளை அனுப்புகிறேன் என்கிறார்.

நொமுரா திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஹோம் ரன் மன்னனாக இருந்தவர், மூன்று மகுடம் சூடியவர். தனக்குப் பதில் போன அந்த இளைஞன் அடிக்கக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார். அடிக்கவும் இல்லை. பந்து தரையோடு போனது, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட் (டபுள் பிளே என்பார்கள்), இன்னிங்ஸ் முடிந்தது. அந்த நொடியில் தனக்குள் எழுந்தது, "நல்லா வேணும்" என்பதுதான் என்று நொமுரா பிற்காலத்தில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார், எழுதியிருக்கிறார். செய்பு தோற்றது. வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகிற வழியில் அந்த நினைப்புத் திரும்ப வந்தது. தன் அணி தோற்றதற்குச் சந்தோஷப்பட்டிருக்கிறோம். இனி ஆட முடியாது என்று முடிவு செய்தார். அந்த சீசனோடு விலகினார்.

நான் விடாமல் திரும்பிப் போகிற இடம் இதுதான். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நெமோட்டோ செய்தது சரி. சாக்ரிஃபைஸ் ஃப்ளையில் மட்டுமில்லை, டபுள் பிளேயில் மாட்டிக்கொண்டதிலும் ஜப்பான் சாதனை நொமுராவுடையதே, 378 முறை. ஓட்டம் வராது. 45 வயதில் இன்னும் வராது. எந்த மேனேஜருக்கும் வருகிற பயம் அது. நொமுராவே பெஞ்சை நடத்தியிருந்தால், 45 வயது நொமுராவை அங்கே பேட் பிடிக்க விட்டிருப்பாரா? விட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். மாற்று ஆளும் அதே டபுள் பிளேயில் விழுந்தார் என்பது ஆட்டத்தின் விஷமம்.

இருபத்தாறு வருஷம் மற்றவர்கள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று படிப்பதே தொழிலாக இருந்தவர், அன்றைக்குத் தன் மனசுக்குள் ஓடியதைப் படித்தார். கேட்சர் இடத்திலிருந்து எட்டுப் பேர் தெரிவார்கள், ஒன்பதாவது ஆள் தெரியமாட்டான். மைதானம் முழுக்கத் தெரிகிற இடம் என்று நாம் சொல்கிற இடத்தில் தெரியாமல் போகிற ஒரே ஆள் கேட்சர்தான். பெஞ்சில் இருக்கிற ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாக ஒரு ஆசை இருக்கிறது, அது அணியின் ஆசையோடு எப்போதும் ஒத்துப்போகாது என்பது ஆடும் மேனேஜராக இருந்த எட்டு வருஷத்தில் அவருக்கு எவ்வளவு உறைத்திருக்கும்? பெரும்பாலும் அவர் பெஞ்சிலேயே இல்லையே. குந்திக்கொண்டிருந்தார்.

பேசிச் சம்பாதித்த ஒன்பது வருஷம்

1981இலிருந்து 1989 வரை அவர் மைதானத்துக்கு வெளியே. டிவியில் வர்ணனை, பத்திரிகையில் பத்தி, ஊர் ஊராகச் சொற்பொழிவு. தொலைக்காட்சியில் பேட்டர் முன்னால் இருக்கிற ஸ்ட்ரைக் பகுதியை ஒன்பது கட்டமாகத் திரையில் வரைந்து, அடுத்த பந்து எந்தக் கட்டத்துக்கு வரும், ஏன் என்று வீசுவதற்கு முன்பே சொல்வார். இன்றைக்கு எல்லா ஒளிபரப்பிலும் இருக்கிற அந்தக் கட்டம் ஜப்பானில் பிரபலமானது அவர் பெயரோடு சேர்ந்துதான். சொன்னது நடந்தால் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. அவருக்கு அது பயிற்சி. கேட்சராக இருந்தவரை இரண்டு விரலை நீட்டினால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இப்போது சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிற ஒருவருக்கும் காரணம் விளங்க வேண்டும்.

டைசோ குசாயநாகி என்ற விமர்சகர்தான் அவரைப் படிக்கச் சொன்னார். பள்ளிப் படிப்போடு நின்றவர், நாற்பது வயதுக்கு மேல் சீனப் பழம் நூல்களையும் வரலாற்றையும் கோடு போட்டுக்கொண்டு படித்தார். சொற்பொழிவுக்கு வருகிறவர்கள் கம்பெனி அதிகாரிகள், கடைக்காரர்கள். அவர்களிடம் பந்து வீச்சின் நுணுக்கத்தை எவ்வளவு நேரம் பேச முடியும்? தனக்குக் கீழே இருப்பவனை எப்படி நடத்துவது, தோற்றவனிடம் என்ன சொல்வது என்று பேச்சு தானாகவே அந்தப் பக்கம் போனது.

யாகுல்ட் ஸ்வாலோஸ் அணியின் தலைவர் அவரைத் தேடி வந்த காரணத்தைக் கவனியுங்கள். 657 ஹோம் ரன்னுக்காக வரவில்லை, 1973க்காகவும் வரவில்லை. உங்கள் வர்ணனையைக் கேட்கிறேன், பத்தியைப் படிக்கிறேன், எங்கள் பையன்களுக்கு பேஸ்பால் சொல்லிக்கொடுங்கள் என்று வந்தார். நொமுராவுக்கே ஆச்சரியம். அவர் பசிபிக் லீக் மனுஷன், ஓசாகாவில் ஆட்டக்காரராக வளர்ந்தவர். டோக்கியோவின் இந்த சென்ட்ரல் லீக் அணியோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1978க்குப் பிறகு பட்டமே பார்க்காத அணி அது. 1990இல் பொறுப்பேற்றார்.

அமெரிக்காவின் அரிசோனாவில் யூமா என்ற பாலைவன ஊரில் யாகுல்ட்டின் வசந்தகால முகாம். பகலெல்லாம் பயிற்சி, ராத்திரி வகுப்பு. வீரர்கள் நோட்டும் பேனாவுமாக உட்கார வேண்டும். முதல் பாடம் பேட் பிடிப்பதைப் பற்றி இருக்கும் என்று வந்தவர்களிடம், மனிதன் எதற்காக வாழ்கிறான் என்று கரும்பலகையில் ஆரம்பித்தார். கேலியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த நோட்டுகளை இன்றைக்கும் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்கிற பழைய வீரர்கள் நிறையப் பேர்.

அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களில் கண்ணாடி போட்ட கேட்சர் ஒருவர், அட்சுயா ஃபுருதா. எதிரணி பேட் பிடித்து முடித்துப் பெஞ்சுக்குத் திரும்பியதும் நொமுராவின் விசாரணை ஆரம்பித்துவிடும். ஏன் அந்தப் பந்தைக் கேட்டாய்? காரணம் என்ன? அடி வாங்கியதற்குத் திட்டு விழாது, காரணம் இல்லாவிட்டால் விழும். ஃபுருதா ஒரு வேலை செய்தார். திட்டு வாங்காத நேரத்திலும் நொமுரா பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டார். அந்த மனிதர் எந்நேரமும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார். இவன் இப்போது ஓடுவான், அவன் அடுத்த பந்துக்குக் காத்திருக்கிறான் என்று. அந்த முணுமுணுப்பைக் கேட்பதற்காகவே. ஒரு காலத்தில் பேட்டர்களைக் குழப்பிய அதே முணுமுணுப்பு.

1992இல் யாகுல்ட் லீக் பட்டம் ஜெயித்து ஜப்பான் தொடருக்குப் போனது. எதிரே செய்பு. அதன் மேனேஜர் மசாகி மோரி, யோமியுரி ஜயன்ட்ஸ் 1965இலிருந்து 1973 வரை ஒன்பது முறை தொடர்ச்சியாக ஜப்பான் பட்டம் வாங்கியபோது அதன் கேட்சராக இருந்தவர். இரண்டு பக்கமும் கேட்சர் மேனேஜர்கள். இரண்டு பேருக்கும் முகத்தில் எதுவும் தெரியாது. நரியும் ரக்கூன் நாயும் ஏமாற்று விளையாட்டு ஆடுவதைப் போல என்று ஊர் சிரித்தது. தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. அந்த ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று என்று இருக்கும்போது யாகுல்ட்டுக்கு எல்லா பேஸிலும் ஆள், ஒரு அவுட். பந்து இரண்டாம் பேஸ்மேன் சுஜியிடம் தரையோடு போகிறது. மூன்றாம் பேஸிலிருந்து ஹிரோசாவா ஓடி வருகிறார். சுஜி உடம்பைத் திருப்பி வீசிய பந்து உயரமாக வருகிறது, கேட்சர் இதோ எக்கிப் பிடிக்கிறார். என்னால் எத்தனையோ பழைய காட்சிகளைக் கடந்து போக முடிகிறது, இதை முடியவில்லை. பந்து உயரமாக வந்தும் ஹிரோசாவா அவுட். கிளம்பியதில் அரை நொடி தாமதம், விழுந்து சறுக்கியதில் வேகம் போதவில்லை. செய்பு அந்த ஆட்டத்தை 2–1 என்று ஜெயித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டது.

அந்த அரை நொடியை அடுத்த வருஷம் முழுக்க யாகுல்ட் மென்றது. பந்து எங்கே போகிறது என்று பார்த்துவிட்டு ஓடினால் தாமதம். பேட் பந்தைத் தொட்டவுடனே ஓடினால்? நேராகக் கைக்குள் போனால் இரண்டு பேரும் காலி. சூதாட்டம்தான். பெயரும் அப்படியே நிலைத்தது, கேம்பிள் ஸ்டார்ட். 1993இல் மறுபடியும் செய்பு, மறுபடியும் ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் யாகுல்ட் ஒரு ரன் முன்னால். மூன்றாம் பேஸில் ஃபுருதா. பேட் பிடித்தவர், போன வருஷம் அவுட் ஆன அதே ஹிரோசாவா. பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) தரையோடு போகிறது. பேட்டில் பந்து பட்ட சத்தத்திலேயே ஃபுருதா கிளம்பிவிட்டார். எளிதாக வந்து சேர்ந்தார். 4–2, ஜப்பான் பட்டம், நொமுராவுக்கு முதல் முறை. அன்றைக்குப் பெஞ்சிலிருந்து ஓடு என்ற சைகை வரவில்லை, நானாகத்தான் ஓடினேன் என்று ஃபுருதா பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1973இலும் 1993இலும் இருந்தது ஒரே ஜோடிக் கண்தான். நடுவில் சேர்ந்தது, அந்தக் கண் பார்த்ததை இன்னொருவன் காலில் இறக்குகிற வித்தை. அதை அவர் கேட்சர் இடத்தில் கற்கவில்லை. டிவி அறையிலும், கம்பெனி அதிகாரிகள் முன்னால் மைக் பிடித்தும் கற்றார். அதைக் கற்கிற பசி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் அந்த "நல்லா வேணும்" பெஞ்சைத்தான் காட்டுவேன்.

யாகுல்ட்டில் 1995இலும் 1997இலும் மேலும் இரண்டு ஜப்பான் பட்டம். 1995இல் எதிரணியில் இளம் நட்சத்திர பேட்டர் இச்சிரோ. தொடருக்கு முன்னால் டிவியிலும் பத்திரிகையிலும், இச்சிரோவை உடம்புப் பக்கம் போட்டு மடக்குவோம் என்று நொமுரா ஓயாமல் பேசினார். ஒரே பேட்டர் காதில் கிசுகிசுத்த காலம் போய், நாடு முழுக்க ஒலிபெருக்கி வைத்துக் கிசுகிசுத்தார். இச்சிரோ ஆரம்ப ஆட்டங்களில் தடுமாறினார், யாகுல்ட் நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தது. 1997 சீசனின் முதல் ஆட்டத்தில், ஹிரோஷிமா அணி வேண்டாம் என்று விட்ட கோஹாயகாவா, ஜயன்ட்ஸின் சைட்டோ மீது மூன்று ஹோம் ரன் அடித்தார். மற்றவர்கள் தூக்கிப் போட்டவர்களை எடுத்துச் சரி செய்கிற பட்டறை என்றே அவருக்குப் பெயர். 2007இல் ராகுடென் அணியில், 38 வயது தகேஷி யமசாகி 43 ஹோம் ரன் அடித்துப் பட்டம் வாங்கியதும் அவர் கீழேதான்.

வாய் எல்லா இடத்திலும் செல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹான்ஷின் டைகர்ஸில் 1999, 2000, 2001 மூன்று வருஷமும் கடைசி இடம். அதே நோட்டுப் பாடம், அதே முணுமுணுப்பு. பக்கத்தில் வந்து உட்கார ஒரு ஃபுருதா இல்லை. ஓசாகா பத்திரிகைகளோ அந்த முணுமுணுப்பைத் தினமும் தலைப்புச் செய்தியாக்கின. மேனேஜராக அவருடைய மொத்தக் கணக்கு 1565 வெற்றி, 1563 தோல்வி. இரண்டே இரண்டு கூடுதல். 2009இல் 74 வயதில் ராகுடெனை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தும் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. சப்போரோவில் நடந்த அந்தக் கடைசி ஆட்டத்தில் தோற்ற பிறகு, அவரிடம் படித்தவர்கள் எதிரணியிலும் இருந்ததால் இரண்டு அணி வீரர்களும் சேர்ந்து அவரைத் தூக்கி மேலே போட்டுப் பிடித்தார்கள். 2020 பிப்ரவரியில் தன் 84ஆவது வயதில் காலமானார்.

சரி, கொள்கைக்கு வருவோம். அவுட்ஃபீல்டராக இருந்தவர்களில் பெரிய மேனேஜர் கிடையாது என்று நொமுரா திரும்பத் திரும்பச் சொல்வார். தூரத்தில் நின்று பந்துக்காகக் காத்திருப்பவனுக்கு ஆட்டம் என்ன தெரியும் என்பது அவர் நியாயம். அவருடைய மாணவர்களைப் பாருங்கள். எல்லாரையும்விட நெருக்கமாகக் கற்றவர் கேட்சர் ஃபுருதா. 2006, 2007 இரண்டு வருஷம் யாகுல்ட்டின் ஆடும் மேனேஜராக இருந்தார், இரண்டாம் வருஷம் கடைசி இடம், அத்தோடு விலகிவிட்டார். நொமுராவிடம் 1990 ஒரே ஒரு வருஷம் இருந்து ஓய்வு பெற்ற ஹிடெகி குரியாமா அவுட்ஃபீல்டர். 2016இல் நிப்பான் ஹாமுக்கு ஜப்பான் பட்டமும், 2023இல் நாட்டுக்கு உலக பேஸ்பால் கிளாசிக் பட்டமும் வாங்கிக்கொடுத்தார். குரியாமாவும் வர்ணனையாளராகவும் பத்திரிகையாளராகவும் பல வருஷம் பேசிப் பிழைத்துவிட்டுத்தான் மேனேஜர் ஆனார் என்பதை என் கட்சிக்குச் சாதகமாக இங்கே குறித்துவைக்கிறேன். 1992இல் ஹிரோசாவாவை அவுட் ஆக்கிய சுஜி, பிறகு யாகுல்ட்டுக்கு வந்து நொமுராவின் கீழ் ஆடி, செய்புவின் மேனேஜர் ஆகி லீக் பட்டம் ஜெயித்தார். அவர் இரண்டாம் பேஸ்மேன்.

2021இல் யாகுல்ட் மறுபடி ஜப்பான் பட்டம் ஜெயித்தபோது மேனேஜர் ஷிங்கோ தகாட்சு, நொமுரா வளர்த்த பிட்சர். தோற்ற ஓரிக்ஸ் அணியின் மேனேஜர் சடோஷி நகாஜிமா, இருபத்தொன்பது சீசன் ஆடிய கேட்சர். பார்த்தீர்களா, இடத்தில் என்ன இருக்கிறது என்று நான் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அடுத்த வருஷமும் அதே இரண்டு அணி, அதே இரண்டு மேனேஜர். இந்த முறை நாலுக்கு இரண்டு என்று ஜெயித்தது கேட்சர்.